கூட ஒருவர் சும்மா இருந்தாலே வேலை நடக்கிறது: உங்களுக்கும் இப்படியா?

மல்லியப்பு_சந்தி (ஹட்டன்) எழுதியது:

எனக்கு ஏடிஎச்டி (கவனத்தை ஒரு வேலையில் நிறுத்துவது சிரமமான நிலை) என்று வளர்ந்த பிறகுதான் தெரிய வந்தது. அதைப் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது, விட்டுவிடுகிறேன். கேட்க வந்தது வேறு.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், இருந்த வரைக்கும் சட்டி கழுவுவதும் துணி துவைப்பதும் எனக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. வேலைக்காக டவுனில் ஒரு அறை எடுத்துத் தனியாக வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. கழுவாத கோப்பைகள் ஜன்னலோரம் வரிசை கட்டும். ஈரத்துணி வாளியிலேயே கிடந்து நாறும், இந்த ஊர் மழைக்கு அது நாற அதிக நேரமும் வேண்டாம். வாளிக்கு முன்னால் போய் நிற்பேன், கை போகாது. ஆனால் தங்கச்சி வந்து கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவள் ஒரு துரும்பையும் அசைக்க வேண்டியதில்லை, நான் பாட்டுக்கு எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்.

யோசித்துப் பார்த்தால் தோட்டத்தில் நான் எந்த வேலையையும் தனியாகச் செய்ததே கிடையாது. தண்ணீர் விழுகிற பீலிக்குத் துவைக்கப் போனால் அங்கே நாலு பேர் இருப்பார்கள். இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) அரிசி புடைக்க உட்கார்ந்தால் அடுத்த காம்பரா (அடுத்த வீட்டு) அத்தையும் அவர் வாசலில் எதையாவது நறுக்கிக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டில் இதை பாடி டபுளிங் என்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் பேசத் தொடங்கிய விஷயம். பக்கத்தில் இருப்பவர் உதவ வேண்டாம், சொல்லித்தர வேண்டாம், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தால் சரி.

உங்களில் யாருக்கு இது கைகொடுக்கிறது, யாருக்கு இல்லை? ஏடிஎச்டி மட்டும் இல்லை, நீண்ட நாள் வருத்தம் (நோய்) உள்ளவர்களும் சொல்லுங்கள்.


பசறை_பொடியன் எழுதியது:

அப்படியே என் கதை. ஏஎல் படிக்கும்போது அப்பா எனக்காக முழித்திருப்பார். மம்பட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். நான் என்ன பாடம் படிக்கிறேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் படுக்கப் போனால் என் கொப்பியும் மூடிவிடும்.


ராகலை_லீக்ஸ் எழுதியது:

எனக்கு மூட்டுவாதம், ருமட்டொயிட் என்கிற வகை. காலையில் எழும்பினால் விரல் மடங்காது, ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே விறைத்திருக்கும். ராகலைக் குளிர் வேறு.

மதினி பின்னேரத்தில் தன் உள்ளியையும் வெங்காயத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் குசினிக்கு வந்துவிடுவார். அவர் உரிப்பார், நான் லீக்ஸ் கழுவுவேன். லீக்ஸ் கழுவுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் அதைக் கழுவியதில்லை. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து, விரலை உள்ளே விட்டு மண்ணைத் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். பச்சைத்தண்ணீரில் அதைச் செய்தால் இரவு முழுக்க விரல் கணுக்கள் தெறிக்கும்.

மதினி இருந்தால் சுடுதண்ணீர் கலந்து, பலகையில் உட்கார்ந்து ஆறுதலாகச் செய்வேன். ஆள் இல்லாவிட்டால் நின்றபடியே பச்சைத்தண்ணீரில் அலசித் தள்ளிவிடுவேன். ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சுக்கு ஆள் இருக்கும்போது உட்கார்ந்து வேலை செய்வதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. தனியாக உட்கார்ந்து காய் நறுக்கினால் சோம்பேறி என்று எனக்கே என்னைத் தோன்றுகிறது. யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கதை சூடு பிடித்தால் கையும் சூடு பிடிக்கிறது. ஒரு கட்டு என்று உட்கார்ந்தது மூன்று கட்டாகிவிடும். நல்லாத்தான் இருக்கும், அடுத்த நாள் விடியும் வரைக்கும். கை வீங்கி, சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது.


கவ்வாத்துக்கத்தி எழுதியது:

யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் தாய்மார் காய்ச்சலோடு மலைக்குப் போய், கொழுந்து எடுத்து, இறங்கி வந்து சமைத்தும் போட்டார்கள். இப்போது கோப்பை கழுவ ஒரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்கிறீர்கள், அதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பேரும் வந்துவிட்டது.


கொட்டகலை_மகள் எழுதியது:

மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்து ஓய்வு எடுத்தவர். சொன்னதை அப்படியே தருகிறேன்:

"காய்ச்சலோட போனோம், நெசந்தான். தனியாவா போனோம்? பிரட்டுல (காலையில் பேர் கூப்பிடும் இடம்) நிக்கும்போதே பக்கத்து நிரைக்காரி மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவா. முடியாத அன்னைக்கு அவ நிரைய முடிச்சிட்டு என் நிரையில நாலு செடி சேத்து எடுப்பா. அவ கொழுந்து ஒடிக்கிற சத்தம் கேட்டாலே என் கையும் ஓடும். கங்காணியும் பின்னால நிப்பாரு. அவரும் கூட நிக்கிற ஆளுதான். அவரு நின்னாலும் கை ஓடும், ஆனா முத்தின இலையும் சேந்து வந்துரும். பெறகு மடுவத்துல நிறுத்துப் பாத்துக் கிலோ பத்தலைனா அரைப்பேரு. அந்தத் தம்பிகிட்ட சொல்லு, ரெண்டும் ஒண்ணு இல்ல."

இனி நான். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். முழுப்பேருக்கு எங்கள் தோட்டத்தில் அப்போது 18 கிலோ கேட்டார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் இது மாறும். அம்மாவுக்கு இப்போது சீனி வருத்தம், கால் மரத்துப் போகிறது. நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகலில் சாப்பிடவும் மாட்டார், மாத்திரையும் போட மாட்டார். யாரும் சொல்லாமலே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கோப்பையில் சோற்றைப் போட்டு எடுத்துக்கொண்டு லயத்தின் தொங்கலில் உள்ள கடைசிக் காம்பராவுக்குப் போய், அங்கே இருக்கிற அம்மாயியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். இரண்டு பேர் மாத்திரைப் பையும் அங்கே ஒரே ஆணியில் தொங்குகிறது.


கவ்வாத்துக்கத்தி எழுதியது:

அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். அரைப்பேர் கதை எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரு வருத்தத்தின் பேரை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதை மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை.


பூனாகலை_அமைதி எழுதியது:

எனக்கு இதெல்லாம் தலைகீழ். ஓட்டிசம் உள்ளவன் நான். லயத்தில் ஆள் கிடைக்காமலா போகும்? ஆள் இல்லாத ஒரு நிமிஷம்தான் கிடைக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் சண்டை, கூரைத் தகரத்தில் மழை. யாராவது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்வதிலேயே பாதிச் சக்தி போய்விடும், மீதிப் பாதியில்தான் வேலை.

ஒருவர் மட்டும் விதிவிலக்கு. சித்தப்பா. பழைய ரேடியோ, டோர்ச், அயன் எல்லாம் திருத்துவார். அவர் மேசை ஒரு மூலையில், என் மேசை எதிர் மூலையில். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவார். "சாப்பிட்டியா" இல்லை, "என்ன செய்றே" இல்லை. ஈயம் உருகுகிற வாசனை வந்தால் அவர் தொடங்கிவிட்டார் என்று தெரியும், நானும் தொடங்கிவிடுவேன். எழுந்து போகும்போது சொல்லிக்கொண்டும் போக மாட்டார். சொந்தக்காரர்கள் இதை மரியாதை இல்லை என்பார்கள். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் தந்ததில்லை.

ஆகவே, "கூட ஆள் இருந்தால் நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


டிஸ்பென்சரி_பழைய_ஆள் எழுதியது:

நான் டாக்டர் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நீண்ட காலம் வேலை செய்தவன், வாசிக்கிற பழக்கம் உண்டு.

ஆள் கூட இருந்தால் வேகம் மாறுகிறது என்பது பழைய செய்தி. 1898இல் நோர்மன் ட்ரிப்ளெட் என்பவர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டும்போதைவிடக் கூட ஆள் ஓட்டும்போது வேகமாகப் போகிறார்கள் என்பதைக் கவனித்து எழுதினார். 1965இல் ரொபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் அதைத் தெளிவாக்கினார்: பழகிய வேலை என்றால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது விரைவாக வரும், பழகாத வேலை என்றால் தடுமாறும். பிறகு கரப்பான் பூச்சிகளை ஓடவிட்டும் பார்த்தார். நேர்ப்பாதையில் மற்றக் கரப்பான்கள் இருக்கும்போது வேகமாக ஓடின, திரும்ப வேண்டிய பாதையில் மெதுவாகின. நம்மைக் கரப்பானோடு சேர்ப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

ராகலை அக்காவின் மூன்று கட்டு லீக்ஸ் இதில்தான் வருகிறது. ஏடிஎச்டி உள்ளவருக்குத் தொடங்குவதுதான் மலை. தொடங்கிவிட்டால் வேகம் கூடினாலும் கெடுதல் குறைவு. மூட்டுவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்), நாட்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து மற்றப் பக்கம் இருக்கிறது. அவர்களுக்கு நிறுத்துவதற்குத்தான் துணை வேண்டும். எம்இ என்கிற அந்தக் களைப்பு நோயில் அளவுக்கு மீறிச் செய்ததன் விளைவு அன்றைக்கே தெரியாது, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து ஆளைச் சாய்க்கும். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் முறையை இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்கள் வெளியிடும் நைஸ் நிறுவனம் 2021இல் அந்த நோய்க்கான வழிகாட்டலிலிருந்து எடுத்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று பக்கத்தில் இருந்து உற்சாகப்படுத்துகிற நல்ல மனசுக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு வேலையை மட்டும் தயவுசெய்து தனியாகச் செய்யாதீர்கள். கிளினிக்கில் தருகிற மாத்திரைகளைக் கிழமைக்குப் பிரித்து வைப்பது. சின்னக் கடதாசி உறைகள், எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதொட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு தரம் மட்டும்தான். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் பெட்டியில் போடும்போது கூட இருப்பவர் உறையில் எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கட்டும். இந்த இடத்தில் மட்டும் சும்மா இருக்கும் துணை போதாது.


ராகலை_லீக்ஸ் எழுதியது:

ஐயா சொன்னதை மதினியிடம் சொன்னேன். இனிமேல் ஒரு கட்டு முடிந்ததும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாராம். மெதொட்ரெக்சேட் எனக்கு வெள்ளிக்கிழமை. காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வேறொன்று மனதில் கிடக்கிறது. மதினிக்கு நான் திருப்பி என்ன செய்கிறேன்? கைமாற்று வாங்கினால் சம்பளத்தன்று கொடுத்துவிடலாம். இதை எப்படிக் கொடுப்பது?


மஸ்கெலியா_குடை எழுதியது:

அக்கா, அவர் உள்ளி உரிப்பதும் நடக்கிறதுதானே? உங்கள் வீட்டுக்கு வராவிட்டால் அவரும் தன் குசினியில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார். அந்தக் கணக்கை விடுங்கள்.

எனக்கு லூபஸ். வெயில் ஆகாது, அதனால் மழை இல்லாத நாளிலும் குடையோடு திரிகிறவள். முகத்தைப் பார்த்தால் வருத்தம் தெரியாது. 2003இல் லூபஸ் உள்ள கிறிஸ்டீன் மிசெராண்டினோ என்ற அமெரிக்கப் பெண் ஒரு கட்டுரை எழுதினார், ஒரு நாளைக்கு உள்ள சக்தியைக் கரண்டிகளாக எண்ணிக் காட்டி. குளிக்க ஒன்று, சமைக்க ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதை நான் வீட்டில் விளக்கப் பார்த்தேன். மாமி கேட்டார், "அப்ப எங்களுக்கெல்லாம் கரண்டி எண்ணித்தான் வந்துச்சா?" நியாயமான கேள்விதான், அவரும் முதுகுவலியோடு திரிகிறவர்.

ஆனால் மாமி குசினி வாசலில் வந்து நின்றால் நான் தேவைக்கு மேல் செய்வேன். அவர் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அடுப்புக்கல்லைக்கூடத் துடைப்பேன். பிறகு படுக்கைதான். கொட்டகலை அம்மா சொன்ன கங்காணி எனக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

எனக்குத் துணை டுபாயில் இருக்கிறாள். கூடப் படித்தவள், வீட்டு வேலைக்குப் போனவள். அங்கே வேலை முடிந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளின் சீருடையை அயன் பண்ணும்போது போன் எடுப்பாள். அங்கே எட்டு மணி என்றால் இங்கே ஒன்பதரை. நான் அடுத்த நாளுக்குக் காய் நறுக்கி வைப்பேன், பள்ளிக்கூடப் பையைச் சரிபார்ப்பேன். பாதி நேரம் பேச்சே இருக்காது, அயன்பெட்டி ஆவி விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். "ஏய், உன் குரல் இழுக்குது, போய்ப் படு" என்று அவள்தான் முதலில் சொல்வாள். நான் நல்லா இருக்கிறேன் என்று நடிக்கத் தேவையில்லாத ஒரே ஆள். நாள் முழுக்கத் தமிழ் கேட்காத அவளுக்கும் அந்த நேரம் வேண்டியிருக்கிறது.


மல்லியப்பு_சந்தி எழுதியது:

இதைத்தான் கேட்க நினைத்தேன், போனில் நடக்குமா என்று. ஃபோகஸ்மேட் என்று ஒரு தளம் இருக்கிறது. 25, 50, 75 நிமிடம் என்று நேரம் எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரோடு கேமராவில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்க்கலாம். முயன்று பார்த்தேன். வேலை நடந்தது, ஆனால் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நலம் விசாரிப்பதற்கே தனியாகத் தைரியம் வேண்டியிருந்தது. மழை இறங்கினால் சிக்னலும் போய்விடும், மற்றவர் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும்.

நாங்களே ஒரு வட்ஸ்அப் அழைப்பு வைத்தால் என்ன? குரல் மட்டும், டேட்டாவும் மிச்சம். தொடங்கும்போது ஒவ்வொருவரும் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு வரி. பிறகு மியூட். முடிவில் "முடிந்தது" அல்லது "முடியவில்லை", அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது.


நானுஓயா_அம்மா எழுதியது:

என் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான். ஏடிஎச்டி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுதுகிறான், ஆனால் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எழுத்து கோணினால் சொல்லிவிடுகிறேன், அவன் பென்சிலை வைத்துவிடுகிறான்.


பூனாகலை_அமைதி எழுதியது:

கையில் வேலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள் அம்மா. கண்ணுக்கு வேறு வேலை இருக்க வேண்டும். சட்டைக்குப் பொத்தான் தைப்பது நல்லது, தலையைத் தூக்கினால் ஊசி குத்தும்.


நானுஓயா_அம்மா எழுதியது:

சிரித்துவிட்டேன். தைக்க ஒரு மூட்டையே இருக்கிறது.


கவ்வாத்துக்கத்தி எழுதியது:

வருத்தம் ஒன்றும் இல்லாத ஆள் அந்த அழைப்பில் வரலாமா? அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பணத்துக்கான மேன்முறையீட்டுப் படிவம் ஒன்று மேசையில் கிடக்கிறது. எழுதத் தெரியாமல் இல்லை. எடுக்கிறேன், வைக்கிறேன். பெண்சாதி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.


டிஸ்பென்சரி_பழைய_ஆள் எழுதியது:

தாராளமாக வாருங்கள் தம்பி. ஆனால் படிவம் பழகாத வேலை, ஆள் பார்த்தால் கை தடுமாறுகிற வகை. கிராம சேவகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முதலில் தனியாக ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு, நிரப்புகிற வேலையை மட்டும் அழைப்புக்கு எடுத்து வாருங்கள்.


கொட்டகலை_மகள் எழுதியது:

அம்மாவும் வருகிறாராம். மியூட் போடத் தெரியாது, எங்கள் கோழிச் சத்தமும் சேர்ந்து வரும், பரவாயில்லையா? ஞாயிறு காலை மட்டும் வேண்டாம், எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வருவது அப்போதுதான்.


பூனாகலை_அமைதி எழுதியது:

கோழி பரவாயில்லை. "தம்பி எந்த ஊரு, கல்யாணம் முடிஞ்சுதா" வேண்டாம். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன், முதல் வரியைத் தட்டச்சில் போடுவேன்.


மஸ்கெலியா_குடை எழுதியது:

ஞாயிறு பின்னேரம் மூன்று மணி எனக்குச் சரி. மாமி அப்போது கோயிலுக்குப் போயிருப்பார்.


மல்லியப்பு_சந்தி எழுதியது:

சரி, ஞாயிறு மூன்று மணி. கேமரா யாருக்கும் கட்டாயம் இல்லை. இலக்கத்தை இங்கே பொதுவில் போடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். தொடங்கச் சொல்வது என் பொறுப்பு. நிறுத்தச் சொல்ல ஒருவர் வேண்டும், எனக்கு நேரம் போவதே தெரியாது.


ராகலை_லீக்ஸ் எழுதியது:

அதை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றரைக்குக் கரண்டியால் சட்டியில் தட்டுவேன். வருத்தக்காரர்கள் எல்லோரும் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டும், "இன்னும் ஒரு துணிதான் அக்கா" என்று யாரும் சொல்லக் கூடாது. ஹட்டன் தங்கச்சி மட்டும் வாளி காலியாகும் வரைக்கும் துவைக்கலாம், நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு லைனில் இருப்பேன்.